அணையா அடுப்பை ஏற்றிய யோகி

யோகம் என்றாலே நம்ம பசங்களுக்கு மூச்சை அடக்குவதும் தலைகீழாக நிற்பதும்தான் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் வருஷக் கணக்கில் அரியர் விழுந்ததும், ஞாபக சக்திக்கு ஏதாவது யோகம் கத்துக்கலாம் என்று கடலூரில் பஸ் ஏறி வடலூர் போனேன். அங்கே கிடைத்ததோ வேறு பாடம்.

சிதம்பரம் பக்கத்து மருதூரில் 5.10.1823 அன்று இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர் இராமலிங்கர். கைக்குழந்தையிலேயே தந்தையை இழந்தார். தாய் பிள்ளைகளோடு பொன்னேரி போய், பிறகு சென்னையில் குடியேறினார். மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பிக்கோ பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. கண்ணாடி முன் விளக்கேற்றி முருகனைத் தியானித்தார்.

1858 வாக்கில் சென்னையை விட்டுச் சிதம்பரம் வந்து, பின் கருங்குழியில் தங்கினார். சிதம்பரம் யோகத்துக்குப் பேர்போன ஊர். பதஞ்சலி முனிவர் நடராஜரின் ஆட்டத்தைக் கண்டது அங்கேதான் என்பது ஐதீகம். யோக சூத்திரம் சொல்லும் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. முதல் உறுப்பான இயமத்தில் முதலில் நிற்பது அகிம்சை. நாம்தான் அதைத் தாண்டிக் குதித்து மூன்றாம் படியில் நிற்கப் பார்க்கிறோம்.

வள்ளலார் அந்த முதல் படியையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஓர் உயிரைக் கொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, அதன் பசியையும் போக்க வேண்டும். அந்த இரக்கம் இல்லாமல் செய்கிற தியானமும் தவமும் பலன் தராது என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் எழுதினார்.

எழுதியதோடு நிற்கவில்லை. ஊர் மக்கள் கொடுத்த சுமார் 80 காணி நிலத்தில், 23.5.1867 அன்று வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் எதுவும் கேட்காமல் சோறு. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறியதும் அதே 1867ல்தான். அவை அருட்பா ஆகாது என்று ஆறுமுக நாவலர் எதிர்க்க, விவகாரம் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது. அதற்கெல்லாம் அவர் வேலை நிற்கவில்லை. 25.1.1872ல் சத்திய ஞான சபையைத் திறந்தார். அங்கே சிலை கிடையாது. ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒளி, அவ்வளவுதான். திரைகள் நம் அறியாமையைக் குறிக்கின்றன. 30.1.1874 அன்று மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. அப்போது வயது 50.

தருமச்சாலையில் நானும் வரிசையில் உட்கார்ந்தேன். பேர், ஊர் ஒண்ணும் கேட்கலை. இலை போட்டுச் சோறு வைத்தார்கள். சாப்பிட்டு எழுந்தபோது என் ரூம்மேட் ஞாபகம் வந்தது. மெஸ் பாக்கி கட்ட முடியாமல், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணி குடித்துப் படுப்பான். எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மாசமாக ஒரு வார்த்தை கேட்கலை. பக்கத்துக் கட்டில்காரன் பசியோடு படுத்திருக்க, நான் மூச்சுப் பயிற்சி தேடி ஊர் ஊராகப் போயிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

அன்று ராத்திரியே அவனிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டான், அப்புறம் அழுதான். எங்கள் வராண்டாவில் ஆறு பேர் சேர்ந்து பாக்கியைக் கட்டினோம். யாருக்கும் பெரிய தொகை வரலை. ஆளுக்கு ரெண்டு சினிமா குறைந்தது.

என் அரியர் இன்னும் போகலை. அதற்குப் படிக்கத்தான் வேணும். ஆனால் யோகத்தின் முதல் படி எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும். நண்பர்களே, உங்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் இன்று சாப்பிட்டானா? ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்