பொறியறிஞர் ஜி. டி. நாயுடு

பருத்தி விளையும் நிலங்களையும், அப்பருத்தியை நூலாக்கும் ஆலைகளையும், அந்நூலைப் பின்னி ஆடையாக்கி அயல்நாடுகளுக்கு அனுப்பும் திருப்பூரையும் உடையது கொங்கு நாடு. உழவும் வாணிகமும் தொழிலும் ஒருங்கே தழைத்த இந்நாட்டிற் பிறந்த பெரியோர் பலர். அவருள், தம் கையில் வந்த பொருள் எதுவாயினும் அதனைப் பிரித்துப் பார்த்தும் அளந்து பார்த்துமன்றி நம்பாத இயல்பினால் புகழ் பெற்றவர் ஜி. டி. நாயுடு ஆவர். அன்னாருடைய வாழ்க்கையையும், அதன் உயிர்நாடியாக விளங்கிய சோதித்தறியும் பண்பையும் ஈண்டு ஒருசிறிது காண்போம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது அவர் முழுப்பெயர். 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப்படிப்பு அவருள்ளத்தைக் கவரவில்லை. தொடக்க வகுப்புக்களோடு அது நின்றுபோயிற்று.

ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிள் ஒன்றில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். எருதும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்ட இளைஞர்க்கு அதன் உட்கூற்றை அறியவேண்டும் என்னும் வேட்கை மூண்டது. கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதி ஒன்றிற் பரிமாறும் வேலை செய்து, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, அவ்வண்டியையே அவ்வதிகாரியிடம் விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊர்சுற்றி மகிழ்ந்ததோடு அமையவில்லை. அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டிக் கற்றார். அவர்க்குப் பள்ளியும் அதுவே, பாடநூலும் அதுவே எனலாம்.

பின்னர்த் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க்காலத்தில் அதனாற் பெரும்பொருள் ஈட்டினார். ஆயின் பம்பாய் சென்று பருத்தி வாணிகத்தில் அதனைப் பெரிதும் இழந்தார். இழந்தவர் சோர்ந்திலர். கோவையில் தொழில் நடத்திய இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலப் பெருந்தகையாளரிடம் சிலகாலம் பணியாற்றிய பின், 1920-இல் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியே வளர்ந்து யு. எம். எஸ். என்னும் பெரு நிறுவனமாயிற்று. வண்டிகளின் பொறி அதிர்வைச் சோதித்தறியும் கருவியையும் அவர் ஆக்கினார். பழுது நேர்ந்தபின் வருந்துவதினும், நேருமுன் அளந்தறிதல் நன்றென்பது அவர் கொள்கை.

நிற்க. நாயுடு அவர்களின் பேரார்வங்களுள் ஒன்று படம்பிடித்தல். 1936-ஆம் ஆண்டு சனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மறைந்தபோது, இலண்டன் மாநகரில் நிகழ்ந்த இறுதி ஊர்வலத்தைத் தாமே சினிமாப் படமாகப் பிடித்தார். காந்தியடிகள், நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் அவருடைய காமிரா பதிவு செய்துள்ளது. சினிமாக் காமிராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றையும் அவர் கண்டுபிடித்தார். படம்பிடிப்போர் இக்கருவியின் அருமையை எளிதில் உணர்வர். எதிர் நிற்கும் பொருள் எத்துணைத் தொலைவில் உளதோ அத்தொலைவுக்கு ஏற்பக் கண்ணாடிவில்லை அமையாவிடின் உருவம் மங்கும். ஊர்வலமோ ஒருமுறையே செல்வது; தவறிய படத்தை மீண்டும் பிடித்தல் இயலாது.

தொலைவைப் போன்றே காலமும் பிழைபடலாம். காமிராவின் ஷட்டர் திறந்து மூடும் காலத்தை எண்ணாற் பொறித்திருப்பர். 25 என்னும் எண் ஒரு வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கைக் குறிக்கும். ஆயினும் நாளடைவில் வில் தளர்ந்தும் எண்ணெய் இறுகியும் ஷட்டர் சோம்புதல் உண்டு. அப்போது பொறித்த எண் ஒன்றாகவும் உண்மைக் காலம் வேறாகவும் இருக்கும். இதனை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே சோதிக்கலாம். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய கிராமபோன் தட்டின் விளிம்பருகே வெள்ளைப் புள்ளி ஒன்றிட்டு, அது சுழலும்போது நேர் மேலிருந்து படம் பிடித்தல் வேண்டும். படத்திற் புள்ளி ஒரு வளைகோடாகத் தோன்றும். அத்தட்டு வினாடிக்கு 468 பாகை சுழல்வதால், 25 என்னும் எண் மெய்யாயின் வளைகோடு ஏறக்குறைய 19 பாகை இருத்தல் வேண்டும். 26 பாகை இருப்பின், ஷட்டர் திறந்திருந்தது பதினெட்டில் ஒரு வினாடி என்பது தெளிவு. தட்டு சரியாகச் சுழல்கின்றதா என்பதையும் கடிகாரம் கொண்டு முன்னரே எண்ணிக்கொள்ளல் வேண்டும். அளக்கும் கோலே பிழைப்படின் அளவு என்னாம்? இச்சோதனை நாயுடு செய்ததாக ஈண்டுக் கூறப்பட்டதன்று. அவர் வாழ்ந்து காட்டிய நெறிக்கு எடுத்துக்காட்டாகவே கூறப்பட்டது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் துணியில் நூறு சதுரச் சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டி நிறுத்து, அதன் கனத்தை உறுதி செய்தலும் இந்நெறியின்பாற் பட்டதே.

இவ்வாறு சோதித்தறியும் உள்ளமே புதியன படைக்கும் உள்ளமாயிற்று. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, கோவைப் பீளமேட்டிலிருந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை வெளியிட்டார். மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஏமாற்ற இயலாத வாக்குப்பதிவுப் பொறி என்பன அவர் ஆக்கங்களுட் சில. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என 1941-இல் அறிவித்தார். 1952-இல் இருவர் செல்லும் மோட்டார் வண்டி ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையிற் செய்து காட்டினார். அரசாங்கத்தார் உரிமம் வழங்காமையால் அம்முயற்சி நின்றது. எளியோர் கைக்கு எட்டவேண்டிய ஒரு வண்டி கண்காட்சிப் பொருளாய் ஒழிந்தமை வருந்தத்தக்கதே.

கல்வித்துறையிலும் அவருக்குத் தனிக் கொள்கை உண்டு. 1945-இல் அவர் முயற்சியாலும் கொடையாலும் ஆர்தர் ஹோப் பெயரால் பொறியியற் கல்லூரி கோவையில் எழுந்தது. இன்று அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. அதன் முதல்வராக இருந்த அவர், நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர் காலத்தை வீணாக்குவது என்றும், குறுகிய காலத்திற் கைப்பயிற்சியோடு கற்பித்தலே தக்கது என்றும் கருதினார். ஆட்சியாளர் இசையாமையாற் பதவியைத் துறந்தார். நீண்ட கல்வியால் வரும் ஆழ்ந்த அறிவை அவர் குறைவாக மதித்தாரோ என வினவுவாரும் உளர். அவ்வினாவிற் பொருளுண்டு. ஆயினும் ஏட்டிற் படித்த விதியைக் கையால் ஒருமுறையேனும் சோதியாமற் பட்டம் பெறும் மாணவர் இன்றும் பலர் ஆதலின், அவர் சுட்டிய குறை கற்பனையன்று.

1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் நாயுடு மறைந்தார். கோவை அவினாசிச் சாலையில் அவர் நினைவாக அமைந்த காட்சிசாலை அன்னாரின் ஆக்கங்களை இன்றும் காட்டி நிற்கின்றது.

மாணவ நண்பர்காள்! பொறிநூல் பயில்வார்க்கே இவர் வாழ்க்கை பயன்படும் என எண்ணற்க. மொழி பயிலும் நாமும், ஒருவர் எழுதிவைத்தார் என்பதனாலேயே ஒரு கருத்தை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உடையோம். ஷட்டரின்மேற் பொறித்த எண்ணைப் போன்றதே நூலிற் பொறித்த சொல்லும். இரண்டையும் மதிப்போம், மதித்தபின் அளந்தும் பார்ப்போம். பிரித்துப் பார்க்க அஞ்சாத கையும், மீண்டும் பூட்டும் பொறுமையும் நமக்கு வாய்ப்பனவாக.