செருப்பில்லாத கால்களைத் தேடிப் போன ஸ்டைல்ஸ்

ஸ்கூல்ல ஒரு நாள் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு ஒரு மாத்திரை கொடுத்திருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? அப்படியே முழுங்காதே, மென்னு சாப்பிடுன்னு டீச்சர் பக்கத்துலயே நிப்பாங்க. அல்பெண்டசோல், குடற்புழு நீக்க மாத்திரை. அந்த வயசுல எனக்கு ஒரே சந்தேகம்தான். என் வயிறு நல்லாத்தானே இருக்கு, என்னை டெஸ்ட் பண்ணாம எதுக்கு மாத்திரை?

பதில் கிடைச்சது போன வருஷம், ஜிஐஎஸ் எலக்டிவ் வகுப்புல. ஒவ்வொருத்தரையும் சோதிக்க மாட்டாங்க. ஒரு பகுதியில் சில நூறு குழந்தைகளின் மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, எத்தனை பேருக்குப் புழு முட்டை இருக்குன்னு கணக்கெடுப்பாங்க. 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பகுதிக் குழந்தைகள் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திரை. 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு தடவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. ஆக, மாத்திரையை முடிவு பண்றது உங்க வயிறு இல்லை, உங்க ஊரின் மேப்!

இந்த மேப் வேலையை நாடு முழுக்கப் பேச வைத்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சார்ல்ஸ் வார்டெல் ஸ்டைல்ஸ். 1867-ல் நியூயார்க் மாநிலத்தில், ஒரு மெதடிஸ்ட் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். பிஎச்.டி. பண்ணினது ஜெர்மனியில், லைப்சிக் பல்கலைக்கழகத்தில், ஒட்டுண்ணி ஆராய்ச்சியில் அன்றைக்குப் பெரிய கையான லுயிக்கார்ட்டிடம். 1891-ல் ஊர் திரும்பி வேளாண் துறையில் விலங்கியல் ஆளாகச் சேர்ந்தார். அதாவது மாடு, பன்றி, ஆட்டுக் குடலில் இருக்கும் புழுக்களைப் பார்க்கிற வேலை. டாக்டர் படிப்பு படித்தவர் இல்லை. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

ஐரோப்பாவில் கொக்கிப்புழு என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். சிறுகுடல் சுவரில் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். முட்டை மலத்தோடு வெளியே வந்து, ஈர மண்ணில் பொரிந்து, வெறுங்காலோடு யாராவது மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கிருந்து இரத்தத்தில் ஏறி நுரையீரல், இருமலோடு தொண்டை, மறுபடி முழுங்கினால் குடல். என்ன ஒரு ரூட் பாருங்க! இரத்தசோகை வந்து ஆள் வெளுத்து, எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் போய்விடும். ஆனால் அமெரிக்க டாக்டர்கள் பலர், நம்ம நாட்டில் அப்படி ஒரு நோயே இல்லை என்று இருந்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெளுத்துப் போன ஏழை வெள்ளைக்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து ஊரே சொன்ன காரணம் சோம்பேறித்தனம்.

1899-ல் போர்ட்டோ ரிக்கோவில் ஆஷ்ஃபர்ட் என்ற ராணுவ டாக்டர், அங்கிருந்த ஏழை கிராமத்து மக்களின் இரத்தசோகைக்குக் கொக்கிப்புழுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அவர் அனுப்பிய புழுக்களையும், டெக்சாஸ் பக்கமிருந்து வந்த புழுக்களையும் ஸ்டைல்ஸ் வைத்துப் பார்த்தார். ஐரோப்பியப் புழுவுக்கு வாயில் பல் இருக்கும். இதற்குப் பல்லுக்குப் பதிலாக வெட்டும் தகடு. வேற இனம்! 1902-ல் அறிவித்தார். பிற்பாடு அதற்கு நெக்கேட்டர் அமெரிக்கானஸ், அதாவது அமெரிக்கக் கொலையாளி, என்று பெயர் நிலைத்தது. அடிமை வியாபாரக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த புழுதான் அது என்பது பிறகு ஒத்துக்கொள்ளப்பட்ட கதை. பேர் மட்டும் அமெரிக்கா.

அதே வருஷம் மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு தெற்கே கிளம்பினார். ஐரோப்பாவில் இந்த நோய் சுரங்கத் தொழிலாளிகளிடம்தான் அதிகம் என்பதால் சுரங்கத்தில் தேடினார். தென் கரோலினாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பக்கத்தில் மணற்பாங்கான பண்ணைகளில் போய்ப் பார்த்தால், குடும்பம் குடும்பமாக வெளுத்துப் போய் இருந்தார்கள். மணல் மண் என்றால் அதிகம், களிமண் என்றால் குறைவு. எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச இடமே இதுதான். மணலில் காற்றும் ஈரமும் இருக்கும், புழுக்குஞ்சு எளிதாக மேலே ஏறி வரும். அந்த நிமிஷத்துல நோயின் மேப்பும் மண்ணின் மேப்பும் ஒண்ணாயிடுச்சு.

அவர் வாஷிங்டனில் பேசியதை ஒரு நியூயார்க் பத்திரிகை, சோம்பேறித்தனத்தின் கிருமி கிடைத்துவிட்டது என்ற தொனியில் தலைப்புப் போட்டு வெளியிட்டது. நாடே சிரித்தது. தென் மாநிலத்துக்காரர்களுக்கோ அவமானம், கோபம். அடுத்த ஆறேழு வருஷம் ஸ்டைல்ஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். எதைப் பற்றி? கக்கூஸைப் பற்றி! ஆளும் இதமாகப் பேசுகிறவர் இல்லை. பெரும்பாலான கிராமத்து வீடுகளில் கழிப்பறையே கிடையாது. நாலு பேர் முன்னால் பேசக்கூடாத விஷயத்தை மேடை போட்டு ஒருத்தர் பேசினால் எப்படி இருக்கும்? டாக்டரே இல்லாத விலங்கியல்காரர் நமக்கு வைத்தியம் சொல்வதா என்று டாக்டர்களுக்கும் கடுப்பு.

1908-ல் ஒரு திருப்பம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அமைத்த கிராமப்புற ஆய்வுக் குழுவோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். பிளாட்பாரத்தில் கூன் போட்டுக்கொண்டு நோஞ்சானாக ஒரு மனிதர். அவரைக் காட்டி, இது கொக்கிப்புழு, கொஞ்சம் காசு செலவழித்தால் இவரை உழைக்கிற ஆளாக்கலாம் என்றார். கூட இருந்த வால்டர் ஹைன்ஸ் பேஜ் வட கரோலினாக்காரர், பத்திரிகை ஆசிரியர். தன் ஊர்க்காரர்களைச் சோம்பேறி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். அவர் வழியாக விஷயம் ராக்ஃபெல்லரின் ஆட்கள் காதுக்குப் போனது. 1909 அக்டோபரில் பத்து லட்சம் டாலர்! ராக்ஃபெல்லர் துப்புரவு ஆணையம் பிறந்தது. செருப்பு வியாபாரத்தில் இறங்கத்தான் ராக்ஃபெல்லர் இதைச் செய்கிறார் என்று வதந்தி வேறு. அப்பவே ஃபார்வர்டு மெசேஜ் இருந்திருக்கு பாருங்க.

ஆணையத்தை நடத்தியவர் விக்லிஃப் ரோஸ் என்ற தத்துவப் பேராசிரியர். ஸ்டைல்ஸ் அறிவியல் செயலாளர். ரோஸ் முதலில் கேட்டது மேப். 11 தென் மாநிலங்களில் கவுண்டி கவுண்டியாக (நம்ம தாலுகா மாதிரின்னு வச்சுக்கோங்க) 6 முதல் 18 வயசு வரையான கிராமப் பிள்ளைகளிடம் சின்னத் தகர டப்பாவில் மலம் வாங்கினார்கள். சுமார் ஐந்தரை லட்சம் சாம்பிள்! ஐந்தில் இரண்டு பேருக்குப் புழு. கடலோர மணல் சமவெளியில் அதைவிட மோசம். அப்புறம் மருந்து. மெக்னீசியம் உப்பு பேதிக்கு, நடுவில் தைமால், மறுபடி பேதி உப்பு. தைமால் சாப்பிட்ட அன்று எண்ணெயோ சாராயமோ தொட்டால் அது உடம்பில் ஏறி உயிருக்கே ஆபத்து. இந்தத் தைமால் அன்றைக்கு எதிலிருந்து வந்தது தெரியுமா? ஓமம்! வயிறு சரியில்லைன்னா பாட்டி கொடுக்கிற அதே ஓமம். இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பலில் போய், அங்கே தைமாலாக மாறியது. ஊர்ச் சந்தியில் கூடாரம் போட்டு, புழுவைப் பாட்டிலில் போட்டுக் காட்டி, ஏறத்தாழ ஏழு லட்சம் பேருக்கு வைத்தியம் செய்தார்கள்.

ஆனால் ஸ்டைல்ஸை ஹீரோவாக மட்டும் காட்டிட்டுப் போக எனக்கு மனசில்லை. பஞ்சாலைகளில் வேலை பார்த்த குழந்தைகள் வெளுத்திருப்பதற்குக் காரணம் பஞ்சுத் தூசி இல்லை, பண்ணையிலிருந்து கொண்டு வந்த புழு, பண்ணையை விட ஆலையே தேவலை என்று சொன்னார். டேட்டாவாகப் பார்த்தால் புழு விஷயம் சரி. ஆனால் குழந்தை உழைப்பை எதிர்த்துப் போராடியவர்களின் காலை அது வாரிவிட்டது, ஆலை முதலாளிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கறுப்பின மக்களை நோயைப் பரப்பும் கிடங்கு போலவும் எழுதினார். அவர்களைச் சங்கிலி போட்டுக் கப்பலில் கொண்டு வந்தது யார் என்ற கேள்வி அந்த எழுத்தில் பின்னால் போய்விடுகிறது.

மேப்பிலும் ஒரு ஓட்டை இருந்தது. நம்ம டேட்டா சயின்ஸ் ஆட்கள் கவனிங்க. புழு இருக்கா இல்லையா என்று மட்டும்தான் எண்ணினார்கள், எத்தனை புழு என்று பார்க்கவில்லை. கொக்கிப்புழு உடம்புக்குள் பெருகாது. ஒவ்வொரு புழுவும் தனித்தனியாகத் தோலைத் துளைத்து வந்ததுதான். பத்து புழு இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஐநூறு இருப்பவர் படுத்துவிடுவார். அந்த மேப்பில் ரெண்டு பேரும் ஒரே புள்ளி. 1923-ல் ஸ்டோல் என்பவர் முட்டைகளை எண்ணும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இது சரியானது. இன்னொன்று, மருந்து கொடுத்த ஊர்களில் கழிப்பறை வராததால் புழு திரும்ப வந்தது. ஆணையம் 1914-ல் முடிந்தபோது குறைந்திருந்ததே தவிர, ஒழியவில்லை. கழிப்பறை, கழிப்பறை என்று ஸ்டைல்ஸ் கத்தியது இதற்குத்தான். லம்ஸ்டன், ராபர்ட்ஸ் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து மலிவான கழிப்பறை ஒன்றையே வடிவமைத்தார். மூணு பேர் முதலெழுத்தையும் சேர்த்து அதற்கு எல்.ஆர்.எஸ். என்று பெயர்.

ராக்ஃபெல்லர் ஆட்கள் அதே முறையை உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள். 1916 வாக்கில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். அங்கே அவர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது பெரும்பாலும் நம்ம மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்களின் சாம்பிள்களை. சில வருஷம் முன்னால் சிஎம்சி வேலூர் ஆட்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வீடு வீடாகப் போய் இதே வேலையைச் செய்தார்கள். அங்கேயும் அதிகம் இருந்தது கொக்கிப்புழுதான்.

ஸ்டைல்ஸ் 1931-ல் ஓய்வு பெற்று 1941 ஜனவரியில் இறந்தார். அதற்கு முன், 1920-களில், வட கரோலினாவில் ஃபோர்ட் காஸ்வெல் என்ற இடத்தில் ஒரு சோதனை நடத்தினார். குழியில் மலத்தைப் போட்டு, சுற்றி வரிசையாகக் கிணறு தோண்டி, நிலத்தடி நீர் வழியாகக் கிருமி எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தார்கள். இருநூறு அடிக்கும் மேல் போனது. சிவில் பசங்களா, செப்டிக் டேங்குக்கும் கிணத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடணும்னு நாம படிக்கிறோமே, அந்த மாதிரிக் கணக்குகளின் பழைய அளவைகளில் அதுவும் ஒண்ணு.