அரிவாள் தாடை எறும்பும் டாக்டர் ஜெர்டனும்

எறும்பு என்றால் சாரைசாரையாக ஊர்வது என்றுதான் எண்ணுகிறோம். தனியே வேட்டைக்குச் சென்று, பெரிய கண்களால் குறிபார்த்து, இரைமேல் பாய்ந்து கவ்வி, கொடுக்கால் கொட்டி மயக்கும் எறும்பும் தென்னிந்தியாவில் உண்டு. 1851-இல் சென்னை ஆய்விதழொன்றில் அதனை முதன்முதலாக விவரித்தவர் தாமஸ் ஜெர்டன்.

1811-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1836-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை வந்தார். விலங்கியல் அவருக்கு உத்தியோகம் அன்று; நோயாளிகளைக் கவனித்த நேரம் போக மீந்த பொழுதில் பறவை, மீன், எறும்பு என எதையும் விடாது ஆராய்ந்தார். இந்திய நாட்டுப் பறவைகளைப் பற்றிய நூலால் பெரும்புகழ் பெற்று, 1872-இல் மறைந்தார்.

மரபணுத் தொகுதி முழுதும் முதலில் படித்தறியப்பட்ட இரண்டு எறும்புகளுள் அவருடைய எறும்பும் ஒன்று (2010). அதற்கு அவர் சூட்டிய பெயர் 'ஹார்பெக்னாதோஸ் சால்ட்டேட்டர்'. முதற்சொல் அரிவாள் தாடை, அடுத்தது தாவுவது. தாமிரபரணிப் பாசன வயலில் கதிரறுக்கும் வீட்டில் பிறந்த நான், அந்தப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யவே இல்லை.