மைக்கேல் பாரடே

இலண்டனை அடுத்த நியூவிங்டனில் 1791-ஆம் ஆண்டு ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பாரடே பிறந்தார். கல்வி சிறிதே பெற்ற அவர், 14-ஆம் வயதில் புத்தகங் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார், வேட்கை மூண்டது. 1813-இல் இராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவி என்னும் பேரறிஞருக்கு உதவியாளரானார்.

மின்னோட்டமுள்ள கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதை அவர் 1821-இல் காட்டினார். தவளக்குப்பத்துக் கழனிகளுக்கு நீர் இறைக்கும் மின்பொறிக்கு மூலம் அதுவே. காந்தத்தால் மின்சாரம் பிறவாதோ என்று பின்னும் பத்தாண்டுகள் எண்ணினார். 1831-இல் விடை கிடைத்தது. கம்பிச் சுருளினுள் காந்தம் அசையாது கிடப்பின் மின்சாரம் இல்லை. உள்ளும் புறமும் அசைப்பின் உண்டு!

இத்தகையவர் சிறுவர்க்குப் பாடஞ் சொல்ல நாணவில்லை. 1827 முதல் 1860 வரை 19 முறை கிறித்துமசுக் காலச் சொற்பொழிவுத் தொடர் நிகழ்த்தினார். கணக்கை விடுத்துக் காந்தம், கம்பி, இரும்புத்தூள் முதலியவற்றைக் கண்முன் இயக்கிக் காட்டினார். நடுவயதிலேயே நினைவாற்றல் தளரத் தொடங்கிற்று. அறிஞர் கழகத் தலைமையை வேண்டாவென மறுத்தவர், சிறுவர் வகுப்பை மட்டும் எளிதில் விட்டாரில்லை. 70-ஆம் வயதில், 1861-இல்தான் அதினின்றும் விலகினார். 1867-இல் மறைந்தார்.