எஸ்.ஆர். பொம்மை: ஆளுநர் மாளிகையில் எண்ணப்பட்ட பெரும்பான்மை

புது தில்லி: கர்நாடகத்தில் எட்டு மாதங்களும் எட்டு நாள்களும் மட்டுமே முதல்வராக இருந்தவர் எஸ்.ஆர். பொம்மை. அந்த ஆட்சியின் திட்டங்களையோ சாதனைகளையோ நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று பெங்களூருவிலேயே குறைவு. ஆயினும், ஒரு மாநில அரசைக் கலைக்கலாமா என்ற பேச்சு தலைநகரில் எழும்போதெல்லாம் மத்திய அமைச்சரவையிலும், குடியரசுத் தலைவர் மாளிகையிலும், உச்ச நீதிமன்றத்திலும் தவறாமல் அடிபடும் பெயர் அவருடையதே.

சோமப்பா ராயப்பா பொம்மை 1924 ஜூன் 6-ம் தேதி அன்றைய தார்வார் மாவட்டம் ஷிக்காவி வட்டத்தில் உள்ள காரடகி கிராமத்தில் பிறந்தார். சட்டம் பயின்று ஹூப்ளியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். கன்னடம் பேசும் பகுதிகளை ஒரே மாநிலமாக இணைக்கும் இயக்கத்தில் பங்கெடுத்தார். சிந்தனையில் அவர் எம்.என். ராயின் சீடர். அதிகாரம் ஓரிடத்தில் குவிவதை ஐயத்துடன் நோக்கிய ராயின் மனிதநேயக் கொள்கை, வட கர்நாடகத்து அரசியல்வாதிகளிடையே அவரைச் சற்றுத் தனித்துக் காட்டியது. பின்னர் ஜனதா கட்சியில் சேர்ந்து, மாநிலத் தலைவராகவும் ராமகிருஷ்ண ஹெக்டே அரசில் அமைச்சராகவும் உயர்ந்தார். மக்களைக் கவரும் பேச்சாளர் என்றோ, வியூகம் வகுப்பதில் வல்லவர் என்றோ அவரை யாரும் கருதியதில்லை.

356-வது பிரிவின் வரலாறு: பொம்மையின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அவரை வீழ்த்திய அதிகாரத்தின் வரலாற்றையும் அறிய வேண்டும். பிரிட்டிஷார் 1935-ம் ஆண்டுச் சட்டத்தின் 93-வது பிரிவின் மூலம் மாகாண ஆளுநர்களுக்கு வழங்கிய அதிகாரமே, சுதந்திர இந்தியாவின் அரசமைப்புச் சட்டத்தில் 356-வது பிரிவாகக் குடியேறியது. அது பயன்படுத்தப்படாமலேயே கிடக்கும் என்று அம்பேத்கர் எதிர்பார்த்தார். அந்த எதிர்பார்ப்பு பத்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. பேரவையில் பெரும்பான்மை இருந்தும் 1959-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு கலைக்கப்பட்டது. தமிழகத்தில் 1976 ஜனவரி 31-ல் கருணாநிதி அரசும், 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசும் அதே வழியில் சென்றன.

ஒவ்வோர் ஆணையிலும் குடியரசுத் தலைவர் மனநிறைவு அடைந்ததாகக் குறிப்பிடப்படும். அந்த மனநிறைவு மத்திய அமைச்சரவையுடையது என்பது அனைவரும் அறிந்ததே. நெருக்கடி நிலைக் காலத்தில் 1975-ல் கொண்டுவரப்பட்ட 38-வது திருத்தம், அந்த மனநிறைவை நீதிமன்றங்கள் ஆராயவே கூடாது என்று கதவடைத்தது. 1978-ல் 44-வது திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால், அதற்கு முன்பே 1977-ல் ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்திருந்தது. அப்போது ஒன்பது காங்கிரஸ் அரசுகளைக் கலைத்தது ஜனதா அரசு. 1980-ல் இந்திரா காந்தி ஒன்பது மாநிலங்களில் பதிலடி கொடுத்தார். 1977 டிசம்பர் 31-ம் தேதி கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் அரசைக் கலைத்ததும் ஜனதாவின் மத்திய அரசுதான். பன்னிரண்டு ஆண்டுகளில் அதே மாநிலத்தில், அந்தக் கட்சியின் வழிவந்த முதல்வருக்கே அதே நிலை வாய்த்தது.

ஏழு நாள் நாடகம்: தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாரில் ஹெக்டே பதவி விலகியதும் 1988 ஆகஸ்ட் 13-ம் தேதி பொம்மை முதல்வரானார். ஜனதா தளம் உருவான வேளை அது. உட்கட்சிப் பூசல் ஓயவில்லை. அதிருப்தியைத் தணிக்க 1989 ஏப்ரல் 15-ல் அமைச்சரவையில் 13 பேரைப் புதிதாகச் சேர்த்தார். இடம் கிடைக்காதவர்களின் கோபம்தான் மிஞ்சியது. இந்தக் கணக்கில் பொம்மை தவறியதை மறுப்பதற்கில்லை.

இரண்டே நாளில் மொலகேரி என்ற எம்.எல்.ஏ. கட்சி மாறினார். ஆதரவை விலக்கிக் கொள்வதாகத் தமது கடிதத்துடன் மேலும் 19 எம்.எல்.ஏ.க்களின் கடிதங்களையும் ஆளுநர் பி. வெங்கடசுப்பையாவிடம் அளித்தார். ஏப்ரல் 19-ல் ஆளுநர் தில்லிக்கு அறிக்கை அனுப்பினார். மறுநாளே, அந்த 19 பேரில் ஏழு பேர் தங்களிடம் தவறான தகவல் கூறிக் கையெழுத்துப் பெற்றதாகவும், அரசை ஆதரிப்பதாகவும் ஆளுநருக்கு எழுதினர். பேரவையைக் கூட்டிப் பெரும்பான்மையை நிரூபிக்கத் தயார் என்று பொம்மை ஆளுநரை நேரில் சந்தித்துக் கூறினார். தேவையானால் கூட்டத்தை முன்கூட்டியே நடத்தவும் முன்வந்தார். குடியரசுத் தலைவருக்கும் தகவல் அனுப்பினார். ஆளுநரோ, முதல்வர் பெரும்பான்மையை இழந்துவிட்டார் என்ற தமது முடிவில் நின்று இரண்டாவது அறிக்கையை அனுப்பினார். ஏப்ரல் 21-ம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. பேரவையும் கலைந்தது.

அந்த ஆணையில் கையெழுத்திட்டவர், பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். பரிந்துரைத்தது ராஜீவ் காந்தி அரசு. 224 உறுப்பினர்கள் கொண்ட பேரவை செய்ய வேண்டிய எண்ணிக்கையை, ஆளுநர் மாளிகையில் ஒருவர் கடிதங்களை வைத்துக்கொண்டு செய்து முடித்துவிட்டார்.

பெங்களூருவில் காக்ஸ் டவுன், அல்சூர் போன்ற கன்டோன்மென்ட் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் தமிழகத்தில் ஜானகி அரசு கலைக்கப்பட்டு, ஓராண்டு நீடித்த குடியரசுத் தலைவர் ஆட்சி 1989 ஜனவரி இறுதியில்தான் முடிந்திருந்தது. மூன்று மாதங்களுக்குள் அவர்கள் வாழும் மாநிலமும் ஆளுநரின் கைக்குப் போயிற்று. காக்ஸ் டவுன் என்ற பெயரே கன்டோன்மென்ட்டின் கடைசி பிரிட்டிஷ் கலெக்டரான காக்ஸ் நினைவாக வந்தது. 1947 ஜூலை வரை மைசூர் மகாராஜாவின் நிர்வாகத்துக்கு உள்படாமல், பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின்கீழ் நியமன அதிகாரிகள் ஆண்ட பகுதி அது.

வழக்கும் தீர்ப்பும்: பொம்மை நீதிமன்றத்தை நாடினார். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. இதற்கிடையே 1989 நவம்பரில் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் 178 இடங்களைப் பிடித்தது. வீரேந்திர பாட்டீல் முதல்வரானார். கலைக்கப்பட்ட அரசின் பக்கம் வாக்காளர்கள் நிற்கவில்லை. வழக்கில் வென்றாலும் பதவி திரும்பாது என்ற நிலையிலும் பொம்மை மேல்முறையீட்டைக் கைவிடவில்லை. அவருடைய அரசியல் வாழ்க்கையில் எடுத்த மிகச் சிறந்த முடிவு அதுவே.

உச்ச நீதிமன்றத்தில் நாகாலாந்து, மேகாலயம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேச வழக்குகளும் இதனுடன் சேர்ந்தன. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1994 மார்ச் 11-ல் தீர்ப்பளித்தது. அதற்குள் 356-வது பிரிவு ஏறத்தாழ 90 முறை பயன்படுத்தப்பட்டிருந்தது. பெரும்பான்மைத் தரப்பில் நின்றவர்களுள் ஒருவர், ஓய்வு பெறச் சில நாள்களே இருந்த தமிழக நீதிபதி எஸ். ரத்னவேல் பாண்டியன்.

ஆட்சிக் கலைப்பு அதிகாரம் வரம்பற்றதன்று என்றது தீர்ப்பு. அமைச்சரவை வழங்கிய ஆலோசனையை நீதிமன்றம் கேட்க இயலாது; ஆனால், அந்த ஆலோசனைக்கு அடிப்படையான ஆதாரங்களைக் கேட்டுப் பரிசீலிக்கலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை பேரவையை முடக்கி வைக்கலாமே தவிரக் கலைக்கக் கூடாது. ஆணை செல்லாது எனில் பழைய அரசையே மீண்டும் அமர்த்த நீதிமன்றத்தால் முடியும். பெரும்பான்மையை அளக்கும் இடம் பேரவை மட்டுமே. கர்நாடகம், நாகாலாந்து, மேகாலயக் கலைப்புகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. அயோத்தி நிகழ்வுக்குப் பின் மூன்று பாஜக அரசுகள் கலைக்கப்பட்டது, மதச்சார்பின்மையைக் காரணமாகக் கொண்டு ஏற்கப்பட்டது. பொம்மைக்குக் கிடைத்தது அறிவிப்பு மட்டுமே.

இத்தீர்ப்பு மூன்று ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் தமிழக அரசியல் வேறுவிதமாகப் போயிருக்கக்கூடும். 1991 ஜனவரி 30-ல் சந்திரசேகர் அரசு திமுக ஆட்சியைக் கலைத்தபோது, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தரவே மறுத்தார். ஆளுநரின் அறிக்கை இல்லாமலும் நடவடிக்கை எடுக்க 356-வது பிரிவு இடமளிப்பதால், வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். எந்த ஆதாரத்தின் பேரில் என்று கேட்கும் வழி அன்று தெளிவாக இல்லை.

மறுபக்கம் அமர்ந்தபோது: 1990 முதல் 1996 வரை ஜனதா தளத்தின் தேசியத் தலைவராக இருந்த பொம்மை, தேவெ கௌட, ஐ.கே. குஜ்ரால் அமைச்சரவைகளில் மனிதவள மேம்பாட்டு அமைச்சராகப் பணியாற்றினார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசப் பேரவையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்ற கல்யாண் சிங் அரசைக் கலைக்குமாறு குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், பொம்மை வழக்கின் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பின்வாங்கியது. அந்த அமைச்சரவையில் பொம்மையும் ஓர் உறுப்பினர். தமது பெயரிலான தீர்ப்பு தமது அரசின் கையையே பிடித்து நிறுத்தியதைப் பார்க்க நேர்ந்த அரசியல்வாதி நாட்டில் வேறு யாருமில்லை.

எல்லாக் குடியரசுத் தலைவர்களும் அப்படி நிறுத்தவில்லை. 2005 மே மாதம் மாஸ்கோ பயணத்தில் இருந்த அப்துல் கலாம், பிகார் பேரவையைக் கலைக்கும் ஆணையில் நள்ளிரவு தாண்டிக் கையெழுத்திட்டார். அது அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது பதவி விலக எண்ணியதாகப் பின்னர் அவரே தமது நூலில் பதிவு செய்தார்.

2007 அக்டோபர் 8-ல் கர்நாடகத்தில் குமாரசாமி பதவி விலகினார். மறுநாள் அங்கு மீண்டும் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது; ஆனால், பேரவை கலைக்கப்படாமல் முடக்கி மட்டும் வைக்கப்பட்டது. அதற்கும் அடுத்த நாள், அக்டோபர் 10-ம் தேதி, பொம்மை பெங்களூருவில் காலமானார்.

அவருக்குக் கிடைக்காதது, ஒன்பது ஆண்டுகள் கழித்து மற்றவர்களுக்குக் கிடைத்தது. உத்தரகண்டில் ஆட்சிக் கலைப்பை அம்மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2016 ஏப்ரல் 21-ல். பொம்மை அரசு கலைக்கப்பட்ட அதே தேதி. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தாலும் பேரவையில் வாக்கெடுப்புக்கு வழி செய்தது. ஹரீஷ் ராவத் வென்று முதல்வர் பதவிக்குத் திரும்பினார். ஜூலையில் அருணாசலப் பிரதேசத்தின் நபம் துகி அரசை உச்ச நீதிமன்றமே மீண்டும் அமர்த்தியது.

ஆனால், தீர்ப்பு கட்டுப்படுத்தியது தில்லியின் கையெழுத்தை மட்டுமே. எம்.எல்.ஏ.க்கள் அணி மாறுவதை அதனால் தடுக்க இயலவில்லை. 2019-ல் கர்நாடகத்தில் எம்.எல்.ஏ.க்கள் பலர் ராஜிநாமா செய்து விலகி நிற்க, ஜூலை 23-ல் குமாரசாமி அரசு 99-க்கு 105 என்ற கணக்கில் கவிழ்ந்தது. வாக்குகள் விதான சௌதாவில், பேரவைக்குள்ளேயே எண்ணப்பட்டன. அடுத்து அமைந்த பாஜக ஆட்சியில் எடியூரப்பாவுக்குப் பின் 2021 ஜூலை 28-ல் முதல்வர் பொறுப்பேற்று 2023 மே வரை பதவி வகித்தவர், பொம்மையின் மகன் பசவராஜ் பொம்மை.