ஒரே இரவில் ஒரு நாடகம்!
பிள்ளைகளைப் பாட வைத்த சங்கரதாஸ் சுவாமிகள்

நாடகக் கம்பெனி வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்த சிறுவர்களும் தூங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் தூங்கவில்லை. உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

பொழுது விடிந்தது. சிறுவர்கள் எழுந்து பார்த்தார்கள். சுமார் நான்கு மணி நேரம் நடிக்கக்கூடிய ஒரு முழு நாடகம் தயாராக இருந்தது! பாட்டு, வசனம் எல்லாம் அதில் அடக்கம்.

அந்த நாடகத்தின் பெயர் "அபிமன்யு சுந்தரி". எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் அதை எழுதியது ஒரு சின்னப் பையனுக்காக. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். அவன்தான் பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற டி. கே. சண்முகம். 1912-ல் பிறந்தவன், நாடகத்துக்கு வரும்போது ஆறு வயது.

குடியாத்தம் பக்கத்தில் இன்றும் தெருக்கூத்து உண்டு. வேலூர், ஆம்பூர், குடியாத்தம் வட்டாரத்துக் கிராமங்களில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கூத்தாடிக்கு முதலில் வேண்டியது தொண்டை. வேஷம் அப்புறம்தான். வட்டமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஒலிபெருக்கி வராத காலத்தில் மேடை நாடகத்துக்கும் இதே கதைதான். கொட்டகையில் ஆயிரம் பேர் இருந்தாலும் சாரீரம் ஒன்றுதான் துணை.

இத்தாலி தேசத்தில் பிறந்த ஆப்பராவில் கதை முழுவதையும் பாட்டாகவே பாடி நடிப்பார்கள். நம் ஊரில் சுவாமிகள் காலத்து நாடகமும் ஏறக்குறைய அப்படித்தான். ராஜா கோபித்துக்கொண்டால் பாட்டு. ராணி அழுதால் பாட்டு. வள்ளி தினைப்புனத்தில் கிளியை விரட்டினாலும் பாட்டு. இடையிடையே வசனம் வரும். ஆனால் ஜனங்கள் காசு கொடுத்தது பாட்டுக்குத்தான்.

உப்பளத்துக் கணக்கர்

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊர். அங்கே 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சங்கரன் பிறந்தார். தந்தை தாமோதரக் கணக்குப் பிள்ளை. ராமாயணத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவர். மகனுக்கு முதலில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அவரே.

பிறகு சங்கரன் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய்ப் பாடம் கேட்டார். வெண்பா, கலித்துறை எல்லாம் தங்குதடையின்றி எழுதப் பழகினார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடன் படித்தவர். அவரும் பின்னால் நாடகத்துக்குப் பாட்டு எழுதிப் பெயர் பெற்றார்.

படிப்பு முடிந்தது. வயிற்றுப் பாட்டுக்கு ஒரு வேலை வேண்டுமே! தூத்துக்குடியில் உப்பளத்தில் கணக்கு எழுதினார் சங்கரன். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போனது என்று எழுதும் வேலை. வெண்பா எழுதிய கை அதில் எத்தனை நாள் நிற்கும்? 1891-ல், 24-வது வயதில், கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு நாடகத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் நாடகக்காரனுக்கு ஊரில் மதிப்பில்லை. கூத்தாடி என்று சொன்னாலே ஏளனம். பெண் கொடுக்க மாட்டார்கள். குடியிருக்க வீடு கொடுக்கவும் யோசிப்பார்கள். படித்த பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போவது பெரிய துணிச்சல். அதே 1891-ம் ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதில் நடித்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். அவர்களுக்கு நாடகம் பொழுதுபோக்கு. சங்கரதாசுக்கோ அதுதான் சோறு.

எமன் வேஷம்

சங்கரதாஸ் முதலில் நடிகராகத்தான் இருந்தார். ராவணன், இரணியன், எமன், சனீஸ்வரன் ஆகிய பயங்கரமான வேஷங்கள் அவருக்குப் பொருந்தின. ஆஜானுபாகுவான உடம்பு, கணீர் என்ற குரல். அவர் மேடைக்கு வந்தால் குழந்தைகள் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளுமாம்.

ஒரு நாள் அவர் எமனாக ஆர்ப்பரித்து வந்ததைக் கண்டு, கூட்டத்தில் இருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்று சொல்வார்கள். இன்னொரு முறை, சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்த்துறைக்குப் போனாராம். அங்கே அவரைக் கண்ட ஒரு பெண் பயத்திலேயே உயிரை விட்டாள் என்றும் சொல்வார்கள். நாடக உலகில் வழிவழியாக வரும் செய்தி இது. அதன் பிறகு சங்கரதாஸ் வேஷம் கட்டுவதை விட்டுவிட்டார். எழுதுவது, மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுப்பது என்று இருந்தார்.

நடுவில் நாடகத்தையே விட்டு விலகித் தீர்த்த யாத்திரை போனார். காவி கட்டினார். அப்போதுதான் "சுவாமிகள்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

யாத்திரையின் நடுவே புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளையைக் கண்டார். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றி வைத்த மகா வித்துவான் அவர். சுவாமிகளைத் தம் பிள்ளையாகவே பாவித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தாளத்தின் நுட்பங்களைச் சுவாமிகள் கற்றது அங்கேதான். தோலைப் பற்றி அறிந்த குடியாத்தம், ஆம்பூர்க்காரர்கள் கஞ்சிராவை எடுத்துப் பார்த்தால், உடும்புத் தோல் என்று உடனே கண்டுகொள்வார்கள். (உடும்பு பிடிக்கச் சட்டம் தடை போட்டபின் இப்போது ஆட்டுத்தோலிலும் செய்கிறார்கள்.) கையளவு வாத்தியம்தான். ஆனால் அதில் கற்ற லயம் சுவாமிகளின் பாட்டுக்கெல்லாம் முதுகெலும்பு ஆயிற்று.

ஏன் சிறுவர்கள்?

சுவாமிகள் மறுபடியும் நாடகத்துக்கு வந்தார். பல கம்பெனிகளில் ஆசிரியராக இருந்தார். ஆனால் பெரிய நடிகர்களைக் கட்டி மேய்ப்பது சுலபமா? ராஜபார்ட் நடிகருக்குத் தலைக்கனம். மேடைக்கு வந்தால் எழுதிய பாட்டை விட்டுவிட்டுத் தன் சொந்தச் சரக்கை அவிழ்த்து விடுவார். ஆர்மோனியக்காரரோடு போட்டி போட்டு ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுப்பார். கதை எங்கேயோ போய்விடும்.

சிறுவர்கள் சொன்னபடி கேட்பார்கள். பெண் வேஷத்துக்கும் அவர்கள் குரல் பொருந்தும். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை தோன்றியது. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையைச் சுவாமிகள் தொடங்கினார். "பாய்ஸ் கம்பெனி" என்று ஜனங்கள் சொன்னது இப்படிப்பட்ட சபைகளைத்தான்.

பாய்ஸ் கம்பெனி என்றால் நாடகக் கொட்டகை மட்டும் அல்ல. அது ஒரு பள்ளிக்கூடம், ஒரு குடும்பம், சில கம்பெனிகளில் சிறைச்சாலையும்கூட. ஏழைப் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். இத்தனை வருஷம் என்று எழுதிக் கொடுப்பார்கள். சாப்பாடு, துணி கம்பெனியுடையது. பையனுக்குக் கிடைக்கும் சில ரூபாய் சம்பளம் வீட்டுக்குப் போய்விடும். பசிக்குப் பயந்து வந்த பிள்ளைகளே அதிகம்.

விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். முதல் வேலை சாதகம். தொண்டை திறக்கும்வரை பாட வேண்டும். பிறகு பாடம் நெட்டுருப் போட வேண்டும். தன் வேஷத்தின் பாட்டு மட்டும் தெரிந்தால் போதாது. மற்றவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் வேஷத்துக்கும் ஆள் வேண்டுமே! அதனால் முழு நாடகமும் மனப்பாடமாக வேண்டும். ழகரமும் ளகரமும் தடுமாறினால் தப்ப முடியாது. பல கம்பெனிகளில் பிரம்பு பேசியது. மாலையில் முகத்துக்கு அரிதாரம். இரவு பத்து மணிக்கு நாடகம். முடிந்து படுக்கும்போது கோழி கூவும்.

ஓர் ஊரில் வசூல் குறைந்தால் திரை, பெட்டி, ஆர்மோனியம், சமையல் பாத்திரம் எல்லாம் ரயில் ஏறும். அடுத்த ஊரில் மறுபடியும் கொட்டகை. பிள்ளைகளுக்குச் சொந்த ஊரே மறந்துபோகும்.

கட்டிக்கொண்ட குரல்

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெரும் பயம் இருந்தது. அதன் பெயர் மகரக் கட்டு.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனுக்குக் குரல் உடையும். தொண்டைக்குள் குரல்வளை வளரும். குரல் நாண்கள் நீண்டு தடிக்கும். நேற்றுவரை குயில் மாதிரி பாடியவன் இன்று வாயைத் திறந்தால் கரகரப்பு. இதற்கு மருந்து கிடையாது. இது நோயும் அல்ல, இயற்கை. ஐரோப்பாவிலும் மாதா கோயில்களில் பாடும் சிறுவர்கள் இந்த வயதில் பாடகர் குழுவை விட்டு விலக வேண்டியதுதான்.

ஆனால் பாய்ஸ் கம்பெனியில் குரல் போனால் வேஷம் போயிற்று. நேற்று நாயகியாக நின்று கைதட்டு வாங்கிய பையன் இன்று கூட்டத்தில் ஈட்டி பிடிக்கும் சேவகன். சிலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படிப்பும் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. வீட்டுக்குப் போய் அந்தப் பையன் என்ன செய்வான்? நாடக சரித்திரத்தில் பெயர் இல்லாமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். புகழ்பெற்றவர்களைப் பற்றியே நாம் எழுதுகிறோம்.

தப்பிப் பிழைத்தவர்களில் ஈடு இணையற்றவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். குழந்தையாகச் சுவாமிகளின் சபைக்கு வந்தார். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் கொட்டகையைத் தாண்டித் தெருவில் நிற்பவனுக்கும் கேட்கும் என்பார்கள். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளை 1927-ல் மணந்தார். இருவரும் சேர்ந்து நடித்தால் கூட்டம் தாங்காது. 1933 டிசம்பர் 2-ந் தேதி, 27 வயதில், கிட்டப்பா காலமானார். வெள்ளைப் புடவை கட்டிய சுந்தராம்பாள் அதன் பிறகு எந்த ஆணுடனும் ஜோடியாக நடிக்கவில்லை.

பாய்ஸ் கம்பெனிகளின் வாரிசுகள் சினிமாவிலும் கொடிகட்டிப் பறந்தார்கள். எம். ஜி. ராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடம் கற்றவர். சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் வளர்ந்தவர். என். எஸ். கிருஷ்ணன் டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனியில் இருந்தவர்.

எல்லோருக்கும் பொதுவான பாடம்

சுவாமிகள் எழுதியவை சுமார் 40 நாடகங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், லவகுசா, பிரகலாதன்... பெயரைக் கேட்டாலே ஜனங்களுக்குக் கதை தெரியும். ஷேக்ஸ்பியரின் "ரோமியோவும் ஜூலியத்தும்" நாடகத்தையும் அவர் விடவில்லை. தமிழ் மேடைக்கு ஏற்றபடி எழுதினார்.

இந்த நாடகங்களால் விந்தையான ஒரு பழக்கம் சாத்தியமாயிற்று. அதற்கு "ஸ்பெஷல் நாடகம்" என்று பெயர். முருகன் வேஷக்காரர் ஓர் ஊரிலிருந்து வருவார். வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருவாள். நாரதர் மூன்றாவது ஊர். அன்று மாலையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. இரவு மேடை ஏறி விடியும்வரை தடங்கல் இல்லாமல் நடிப்பார்கள். எப்படி? எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் ஒன்றே. கேள்விப் பாட்டை ஒருவர் பாடினால் பதில் பாட்டு மற்றவர் நாக்கு நுனியில் நிற்கும்.

பேச்சு நின்றது

1921-ம் ஆண்டு. சுவாமிகளை முடக்குவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன. அதைவிடக் கொடுமை, பேச்சும் போயிற்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்த நாக்கு அசைய மறுத்தது. ஒரே இரவில் நாடகம் எழுதிய கை எழுதுகோலைப் பிடிக்கவில்லை.

ஆனாலும் அவர் கம்பெனியை விட்டுப் போகவில்லை. கம்பெனி ஊர் ஊராகப் போனது. சுவாமிகளும் கூடவே போனார். போக வேறு வீடு அவருக்கு ஏது? மனைவி மக்கள் கிடையாது. அவருடைய குடும்பம் அந்தப் பிள்ளைகள்தான். பையன்கள் பாடுவதை அவர் கேட்பார். தாளம் தவறினாலும் திருத்திச் சொல்ல வாய் இல்லை. பிள்ளைகளே அவர் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

கம்பெனி புதுச்சேரியில் முகாம் போட்டிருந்தது. 1922 நவம்பர் 13-ந் தேதி, திங்கட்கிழமை இரவு, சுவாமிகள் அங்கேயே காலமானார். வயது 55. சண்முகத்துக்கு அப்போது வயது பத்து. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சுவாமிகளை அடக்கம் செய்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1925-ல், டி. கே. எஸ். சகோதரர்கள் சொந்தமாக ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். 1972-ல் "எனது நாடக வாழ்க்கை" என்ற நூலைச் சண்முகம் வெளியிட்டார். சுவாமிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர் சொன்னதுதான். மறு ஆண்டு அவரும் மறைந்தார்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிக்கும் துறைக்குச் சுவாமிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. இப்போது ஒலிபெருக்கி இருக்கிறது. கிளி விரட்டும் பாட்டு பக்கத்து ஊருக்கும் கேட்கிறது.