ஆல்ஃபிரட் வெகனர்

ஆல்ஃபிரட் லோதர் வெகனர் (நவம்பர் 1, 1880 – நவம்பர் 1930) ஜெர்மனியைச் சேர்ந்த வானிலையியலாளரும் துருவப் பகுதி ஆய்வாளரும் ஆவார். கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் இவரது இறுதிப் பயணத்தின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று, கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் தடிமனை அளப்பதாகும்.

வாழ்க்கை

பெர்லினில் பிறந்த வெகனர் 1905 இல் வானியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1906 இல் தமையன் கூர்ட்டுடன் பலூனில் 52 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து சாதனை படைத்தார். அதே ஆண்டு டென்மார்க் நாட்டுக் குழுவுடன் முதன்முறையாகக் கிரீன்லாந்து சென்றார். 1915 இல் வெளியான இவரது நூலைப் புவியியலாளர் பலரும் ஏற்கவில்லை. அக்கொள்கை 1960களிலேயே வலுப்பெற்றது. 1924 முதல் ஆஸ்திரியாவின் கிராத்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

பனியை அளத்தல்

1929 இல் வெகனர் குழுவினர் வெடிமருந்து கொண்டு பனியின் ஆழத்தை அளக்கத் தொடங்கினர். வெடிப்பின் அதிர்வு அடிப்பாறையில் பட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து தடிமன் கணக்கிடப்பட்டது. 1930 இல் மேற்குக் கரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உள்ளே 'ஐஸ்மிட்டே' என்னும் நிலையம் அமைக்கப்பட்டது. அங்கு வானொலிக் கருவி இல்லை. பொருட்கள் வராவிடில் திரும்பிவிடுவோம் என நிலையத்தினர் கடிதம் அனுப்பியிருந்தனர். எனவே வெகனர் செப்டெம்பரில் 15 நாய்ச்சறுக்கு வண்டிகளுடன் புறப்பட்டார். கடுங்குளிரில் உடன்வந்த 13 கிரீன்லாந்தியருள் 12 பேர் திரும்பினர். அக்டோபர் 30 அன்று பெரும்பாலும் வெறுங்கையுடன் நிலையத்தை அடைந்தபோது, அங்கிருந்தோர் உள்ளதைக் கொண்டே குளிர்காலத்தைக் கழிக்க முடிவு செய்திருந்தனர்.

இறப்பு

தமது 50 ஆவது பிறந்தநாளில் வெகனர், ராஸ்முஸ் வில்லும்சென் என்னும் கிரீன்லாந்தியருடன் கரை நோக்கிப் புறப்பட்டார். இருவரும் திரும்பவில்லை. மே 1931 இல் வெகனரின் உடல், இரு பனிச்சறுக்குப் பலகைகள் அடையாளமாக நடப்பட்ட இடத்தில், முறையாகப் புதைக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது. புதைத்தவர் வில்லும்சென். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. அவரைப் பற்றி எழுதியோரும் குறைவே.

பிற்காலம்

ஐஸ்மிட்டேயில் பனியின் தடிமன் இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் என அக்குழுவினர் கண்டறிந்தனர். 1960களிலிருந்து வெடிக்குப் பதிலாக விமானங்களில் பொருத்திய ராடார்கள் இவ்வளவைச் செய்கின்றன; குளிர்ந்த பனியை ஊடுருவும் வானொலி அலைகள் உள்ளடுக்குகளிலிருந்தும் அடிப்பாறையிலிருந்தும் எதிரொலிக்கின்றன. இத்தரவுகளை மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து, பனிக்குள்ளேயே நிற்பதுபோலக் காணும் முறைகளும் பின்னர் உருவாக்கப்பட்டன. 1980 இல் ப்ரேமர்ஹாஃபெனில் நிறுவப்பட்ட துருவ ஆய்வு நிறுவனம் வெகனரின் பெயரைத் தாங்கியுள்ளது.